ஒன்பதாம் கிணற்றின் சுவர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராஜம்மாள் கிணற்றில் இன்று ஒரு தவறைக் கண்டேன். அதைத் தவறு என்று எழுதுவதா, சந்தேகம் என்று எழுதுவதா என்பது தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மாதத்தின் முதல் இரண்டு ஞாயிறுகளில் நானும் என்னோடு படிக்கும் கௌதமும் பாலாற்றங்கரைக் கிணறுகளை அளக்கப் போவோம். மாதனூரிலிருந்து விரிஞ்சிபுரம் வரை மொத்தம் இருபத்துநான்கு. முதல் ஞாயிறு பன்னிரண்டு, அடுத்த ஞாயிறு பன்னிரண்டு. வண்டி கௌதமுடையது, நோட்டு என்னுடையது. ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவரிலும் உச்சியில் ஒரு சிவப்பு பெயின்ட் குறி இருக்கும். டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து, அந்தக் குறியிலிருந்து உள்ளே இறக்க வேண்டும். மேலே இழுத்ததும் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துக் கழித்தால், சுவர் உச்சியிலிருந்து தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்பது கிடைக்கும்.

இந்த வேலை நசீமுன்னிசா மேடத்துடையது. நான் பகலில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங். ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணுவேன். மாலையில் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறேன். அங்கே எங்களுக்குப் பாடம் எடுப்பவர் மேடம். 2012இல் தன் கையால் முதல் டேப்பை இறக்கியவர். பதின்மூன்று வருடம் கௌரவ விரிவுரையாளராகவே இருந்துகொண்டு, பதின்மூன்று வருட அளவுகளைச் சேர்த்திருக்கிறார்.

இன்று ராஜம்மாளின் மோட்டார் ரிப்பேர். அதை மேலே தூக்குவதற்காகச் சுவரின் ஒரு பக்கத்தை இடித்திருந்தார்கள். இடித்த இடத்தில் சுவரின் உள்ளே இருப்பது தெரிந்தது. அடியில் கருங்கல், ஓரடி உயரம். அதற்கு மேல் நான்கு வரி ஹாலோ பிளாக். அதன்மேல்தான் என் சிவப்புக் குறி.

எப்போது ஏற்றியது என்று ராஜம்மாளிடம் கேட்டேன்.

"அந்த வெள்ளத்துல கன்னுக்குட்டி உள்ள பூட்ச்சு கண்ணு. தண்ணி எது, கெணறு எதுன்னே தெர்ல. அப்பறமேதான் எம்மவன் ஏத்திக் கட்னான். இங்க எல்லாருந்தான் ஏத்துனாங்க."

ஒரு பிளாக் எட்டு அங்குலம். நான்கு வரி என்றால் இரண்டடி எட்டு அங்குலம். 2021 வெள்ளத்துக்கு முன்னால் கல்லின் உச்சியிலிருந்து அளந்தார்கள். அதற்குப் பிறகு பிளாக்கின் உச்சியிலிருந்து அளக்கிறோம். தண்ணீர் இரண்டடி எட்டு அங்குலம் ஏறியிருந்தாலும் நோட்டில் பழைய எண்ணேதான் வரும்.

கௌதமிடம் ஒன்றும் சொல்லவில்லை. முகம் ஒருமாதிரி இருக்கிறது, வெயிலா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஷிஃப்டுக்கு முன்பு பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நான் அளக்க வந்தது 2022 மார்ச்சில். வெள்ளத்துக்குப் பிறகு நான்கு மாதம் யாரும் அளக்கவில்லை, போக வழியில்லை. முதல் நாள் மேடம் சொன்னது, குறி இல்லாமல் அளக்காதே, அழிந்திருந்தால் வைத்துவிட்டு அள என்பதுதான். கௌதம் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தான். நான் வைத்தேன்.

எந்தக் கிணற்றில் வைத்தேன் என்பதையும் எழுதியிருக்கிறேன். "புதுப் பூச்சு. சிவப்புக் குறி புதிதாக வைக்கப்பட்டது." என் கையெழுத்து. எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. பழைய சுவர் எவ்வளவு உயரம், புதியது எவ்வளவு என்று எழுத நோட்டில் இடம் இல்லை. இடம் இல்லாததால் எழுதவில்லை. எழுதாததால் யோசிக்கவும் இல்லை.

அந்த ஒன்பது கிணறுகளும் மேடத்தின் கட்டுரையில் இருக்கின்றன. கட்டுரையே அந்த ஒன்பதைப் பற்றித்தான்.

கட்டுரை சொல்வது இது. பருவம் மாறிவிட்டது, மூன்று மாதத்தில் பெய்யவேண்டியது மூன்று நாளில் கொட்டுகிறது. இனி நமக்குக் கிடைப்பது எப்போதாவது வரும் வெள்ளம்தான், அதை மண் வாங்கிக்கொள்கிறதா என்பதே கேள்வி. வெள்ளத்துக்கு முந்தைய ஜனவரி அளவுகளையும் பிந்தைய, 2023 முதலான ஜனவரி அளவுகளையும் ஒப்பிட்டால், பதினைந்து கிணறுகளில் தண்ணீர் சராசரியாக மூன்றடி ஏறியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நீளத்தில் உள்ள ஒன்பதில் மட்டும் ஏறவே இல்லை. அங்கே ஆறு தண்ணீரை வாங்கும் சக்தியை இழந்துவிட்டது, அங்கேதான் மணலுக்கு அடியில் நீரைத் தேக்கும் நிலத்தடித் தடுப்பணை வேண்டும்.

வெள்ளிக்கிழமை சென்னையில் மேடத்துக்கு நேர்காணல். ஒரு பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் நிரந்தர வேலை. இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்பை வரும் ஜூனோடு மூடப்போவதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு மேடத்துக்கு இங்கே வேலை இல்லை. நாற்பத்தோரு வயது. இது ஒன்றுதான் வந்த அழைப்பு.

கம்பெனியில் இன்று ஒரு ஜோடியைத் தப்பாகப் பாஸ் செய்தேன். இரண்டும் இடது கால்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வகுப்புக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று அரைமணி நேரம் முன்பே போனேன். மேடம் ப்ரொஜெக்டர் வயரோடு போராடிக்கொண்டிருந்தார். இன்றைக்குப் பாடம் கிடையாது, வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை என்றார். என்னையும் இன்னும் இரண்டு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார். நாங்கள்தான் தேர்வுக் குழுவாம்.

"கேள்வியில மரியாதை ஜாஸ்தி வேணாம். அவங்க குடுக்க மாட்டாங்க. நீங்க குடுத்தா எனக்கு ப்ராக்டீஸ் ஆகாது."

இருபது நிமிடம் பேசினார். நன்றாகப் பேசினார். ஒன்பது கிணறுகளும் வரைபடத்தில் சிவப்பாக வந்தபோது பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். முதலில் கேட்டவன் தடுப்பணைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்றான். அடுத்தவள் மணல் அள்ளியதைப் பற்றிக் கேட்டாள். மேடம் இரண்டுக்கும் அழகாகப் பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

எல்லோர் முன்னாலும் கேட்க நான் நினைக்கவில்லை. வேறு கேள்வி தயாராக வைத்திருக்கவும் இல்லை.

"ஆழம் எங்கேருந்து அளந்தீங்க மேடம்?"

"கைப்பிடிச் சுவர் உச்சியில நிலையான குறி. சிவப்பு பெயின்ட். பதிமூணு வருஷமா ஒரே குறி."

"அந்தச் சுவர் பதிமூணு வருஷமா ஒரே உயரமா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கௌதம் சிரித்தான், ஏதோ மடக்குவதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்து. மேடம் சிரிக்கவில்லை. ரிமோட்டை மேசைமேல் வைத்தார். மெதுவாக, ஒரு கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல.

வகுப்பை முடித்து எல்லோரையும் அனுப்பினார். நான் நோட்டுகளைக் காட்டினேன். ராஜம்மாள் கிணற்றைச் சொன்னேன். என் கையெழுத்து இருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை?"

"ஒன்பது மேடம்."

"ஒன்பதும்."

"ஒன்பதும்."

"எப்ப தெரிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை."

இன்றைக்குச் செவ்வாய் என்று அவர் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு, பஸ் போய்விடும், கிளம்பு என்றார். நான் தப்பு என்னுடையது என்று தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

மேடத்திடமிருந்து செய்தி இல்லை. இன்று வகுப்பும் இல்லை, விடுப்பு என்று அலுவலகத்தில் ஒட்டியிருந்தார்கள்.

கௌதமுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். டீக்கடையில் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே கேட்டான்.

"இன்டர்வியூ முடிஞ்சி சனிக்கிழமை சொல்லிருந்தா இன்னா ஆயிருக்கும்? தண்ணி இன்னா ஓடியா பூடும்?"

அந்தக் கணக்கை வைத்து வேலை வாங்கிவிட்டுப் பிறகு தெரிந்தால் அது இன்னும் மோசம் என்றேன். பிறகு தெரிந்தால் திருத்தம் போடுவார்கள், உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். வேலை கிடைத்தபின் திருத்துகிறவருக்குச் சம்பளம் இருக்கும், இப்போது திருத்துகிறவருக்கு ஒன்றும் இருக்காது என்றான். அவன் சொன்னதில் எது தப்பு என்று யோசித்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

"உனுக்கு மனசு லேசா இருக்கணும். அதுக்கு அவங்க வேல போவணும். அதான கிறிஸ்டி?"

அப்படித்தானா? இதையும் சந்தேகத்தில் எழுதி வைக்கிறேன். ஞாயிறே சொல்லியிருந்தால் மேடத்துக்கு ஐந்து நாள் இருந்திருக்கும். சனிக்கிழமை சொல்லியிருந்தால் நிம்மதியாக நேர்காணலுக்குப் போய் வந்திருப்பார். நான் இரண்டும் செய்யவில்லை. இருக்கிற நாட்களில் மிக மோசமான நாளில், மிக மோசமான இடத்தில் சொன்னேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. மேடம்.

"டேப் உங்கிட்டதான இருக்கு? லீவ் போட முடியுமா?"

சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்றேன். ஏழு மணிக்கு மேடம் ஓர் ஆட்டோவில் வந்தார். காலடியில் ஓர் உளி, சுத்தியல், அரை மூட்டை சிமென்ட். உடைத்தால் பூசித் தரவேண்டும் அல்லவா என்றார். செவ்வாய்க்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் முறை. ஆட்டோ டிரைவர் ஜான் பாஷா, மேடத்தின் தெருக்காரர், கொத்து வேலையும் தெரிந்தவர். சுத்தியலைப் பிடித்தது அவர்தான்.

ஒவ்வொரு கிணற்றிலும் உட்புறமாக ஒரு கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தினோம். கல் எங்கே முடிகிறது, பிளாக் எங்கே தொடங்குகிறது, எத்தனை வரி. இதுதான் கேள்வி. ராஜம்மாளுடையது நான்கு வரி. அடுத்தது மூன்று. அடுத்தது ஐந்து. மேடம் ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லுவார், நான் எழுதுவேன். ஒவ்வொரு எண்ணிலும் கட்டுரையில் ஒரு சிவப்புப் புள்ளி அணைந்துகொண்டே வந்தது. ஆறாவது கிணறு முடிந்தபோது ஆறுமே அணைந்துவிட்டன. அந்த ஆறிலும் தண்ணீர் மற்றக் கிணறுகளைப் போலவே இரண்டடி, மூன்றடி ஏறியிருக்கிறது. சுவரும் கூடவே ஏறி அதை மறைத்துவிட்டது.

மேடம் வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். சந்தோஷமான செய்திதான் என்றார். ஆறு கிணற்றுக்காரர்களுக்கு.

ஏழாவதும் எட்டாவதும் ஆற்று வளைவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே ஒரே ஒரு வரிதான் ஏற்றியிருந்தார்கள். எட்டு அங்குலம். அதைக் கழித்தாலும் தண்ணீர் ஏறியதாகச் சொல்ல முடியாது. மேடம் இரண்டு முறை எண்ணச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, வளைவில் மூன்றாவதாக இருந்த கிணற்றைப் பார்த்தார். அது பச்சையப்பனுடையது. ஒன்பதாவது.

பச்சையப்பன் வரப்பிலேயே எங்களை நிறுத்திவிட்டார். காலையிலிருந்து நாங்கள் சுவர் உடைத்துக்கொண்டு வருவது எங்களுக்கு முன்பே அவருக்கு வந்து சேர்ந்திருந்தது.

"இத்தினி வருசம் வந்தீங்க, மேல குறி வெச்சீங்க, ஒண்ணும் சொல்லல. இப்ப இன்னாத்துக்கு ஒடைக்கிறீங்க?"

மேடம் மறைக்காமல் சொன்னார். கணக்கில் தப்பு இருக்கலாம், சரிபார்க்கிறோம்.

"சரிபாத்தா அணை வருமா, வராதா?"

"தெரியலீங்க."

"உங்க பேப்பர வெச்சிதான மேடம், ஊர்க் கூட்டத்துல அணை வர்துன்னு சொன்னாங்க. நாங்க அணை வேணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டம். இப்ப நீங்களே வந்து தப்புன்னா?"

ஜான் பாஷா ஏதோ சொல்ல வாயெடுத்தார், மேடம் அவரைப் பார்த்தார், அவர் நிறுத்திக்கொண்டார். பச்சையப்பன் தன் கிணற்றைக் கைநீட்டிக் காட்டினார். சித்திரையில் அடியில் கால் நனைகிற அளவுக்குத்தான் நிற்கிறது, அதற்கு உளி எதற்கு, வந்து எட்டிப் பாருங்கள் என்றார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நாங்கள் திரும்பினோம்.

நான் மேடத்திடம் சொன்னேன், இவருடையதும் புதுப் பூச்சுதான், நான்தான் குறி வைத்தேன், குறைந்தது மூன்று வரியாவது இருக்கும். மேடம் தலையசைத்து ஒன்பதாவது கட்டத்தில் "அளக்கவில்லை" என்று எழுதினார்.

மாலை ரயிலில் அவரோடு காட்பாடி வரை போனேன். நான் எண்களைப் படிக்க, அவர் மடிக்கணினியில் ஏற்றினார். திரையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் ஒன்பது சிவப்புப் புள்ளிகள். இன்னொன்றில் இரண்டு, பக்கத்தில் ஒரு வெள்ளை வட்டம். எதையும் அழிக்கவில்லை. குடியாத்தம் தாண்டியதும் மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

காட்பாடியில் நான் இறங்கியபோது வாசல் வரை வந்தார்.

"எதைக் காட்டப் போறேன்னு நீ கேக்கவே இல்ல."

"கேக்க மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"கேட்டா எனக்காகக் காட்டுன மாதிரி ஆயிடும்."

அவர் என்னவோ சொன்னார். எதிர் பிளாட்பாரத்தில் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். நேர்காணல் பதினொன்றுக்கு. சாப்பாட்டு மணிக்குப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. டீ இடைவேளையில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. வெளியே வந்து பார்த்தேன். "ரயில் ஏறிட்டேன்" என்று மட்டும் இருந்தது. அந்த இரண்டு சொல்லைப் பத்து முறை படித்தேன். அதில் எந்தக் கோப்பும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது பன்னிரண்டு கிணறுகள். கௌதம் வரவில்லை, கல்யாண வீடாம். நம்பவில்லை. பள்ளிகொண்டா பஸ் நிறுத்தத்தில் மேடம் தானே வந்து நின்றார்.

மூன்று கிணறுகளை அளந்து முடித்தோம். நான்காவதில் டேப்பைச் சுற்றிக்கொண்டே சொன்னார். முதல் ஸ்லைடே ராஜம்மாளின் இடிந்த சுவர்தான். கட்டுரையில் தவறு இருக்கிறது, அதைச் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன் என்றாராம். குழுவில் நான்கு பேர். ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலே மீதி இருபது நிமிடமும் பேசியிருக்கிறார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி. ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி கேட்டது. இருபத்துநான்கில் இரண்டு ஏறவில்லை என்கிறீர்கள், அது தற்செயலாக இருக்கலாம். மூன்றாவது கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. அது ஏறியதா, இல்லையா?

அளக்க விடவில்லை என்றாராம் மேடம். அப்படியானால் உங்களிடம் இப்போது முடிவு என்று ஒன்றும் இல்லை என்றாராம் அவர். ஆமாம், இல்லை என்றாராம் மேடம்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாங்க. என் ஸ்டூடன்ட் மூணு வரி இருக்கும்னு நினைக்கிறா, அதனால ஏறியிருக்கும்னு நினைக்கிறேன்னு சொன்னேன்."

சாக்பீஸ் என் விரலில் உடைந்தது. மேடம் வேறொன்று எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. வேறு பெயர். மேடம் வகுப்புக்கு வந்தார், ஆவியாதல் பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினார். கரும்பலகையில் சமன்பாட்டை எழுதும்போது ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டார். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவரே பார்த்துத் திருத்தினார். பிறகு திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

வெளியே கௌதம் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். ஏறு என்றான். வழி முழுக்கத் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. அது இன்னும் பேஜாராக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று பச்சையப்பன் மேடத்துக்கு போன் செய்திருக்கிறார். பக்கத்து இரண்டு கிணற்றுக்காரர்களும் அவரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். எங்களுடைய இரண்டிலும் தண்ணீர் ஏறவில்லை என்று கணக்கு வந்துவிட்டது, உன்னுடையது தெரியாததால்தான் அணை பேச்சு நின்றுபோச்சு என்று. வந்து உடைச்சிக்குங்க, ஆனா பூசிக் குடுத்துடணும் என்றாராம்.

மேடம், நான், கௌதம், ஜான் பாஷா. பச்சையப்பன் வரப்பில் நிற்காமல் இன்றைக்குக் கிணற்றடியிலேயே நின்றார். பக்கத்துக் கிணற்றுக்காரர்களும் வந்திருந்தார்கள். இத்தனை பேர் பார்க்க ஒரு சுவரை உடைத்து நான் பார்த்ததில்லை.

முதல் கொத்தில் பூச்சு பெயர்ந்தது. பிளாக் தெரியவில்லை. கருங்கல். சுவரின் நடுவில் தொடங்கியதால் கீழே போய்விட்டோம் என்று நினைத்தேன். இன்னும் மேலே என்றேன். ஜான் பாஷா மேலே கொத்தினார். கருங்கல். இன்னும் மேலே. கருங்கல். என் சிவப்புக் குறிக்கு ஓர் அங்குலம் கீழே வரை வந்துவிட்டார். அங்கேயும் கருங்கல்தான்.

"எங்கப்பா கட்னது," என்றார் பச்சையப்பன். "அப்பவே ஒசரமாத்தான் கட்னாரு. வெள்ளம் வந்தப்ப காரைதான் பேந்துச்சு. நான் மேல பூசுனேன். அவ்ளோதான்."

ஏற்றவே இல்லை. பூசியதோடு சரி. குறி அழிந்ததும் நான் அதே இடத்தில் வைத்திருக்கிறேன். இந்த ஒரு கிணற்றில் பதின்மூன்று வருடமும் ஒரே இடத்திலிருந்துதான் அளந்திருக்கிறோம். நோட்டில் இருந்த எண் சரி. தண்ணீர் ஏறவில்லை. வளைவில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கிணறுகள், மூன்றிலும் வெள்ளம் தங்கவில்லை.

புதுப் பூச்சைப் பார்த்தேன், என் குறியைப் பார்த்தேன், எட்டோடு ஒன்றாகச் சேர்த்து எண்ணிவிட்டேன். சுவரைப் பார்க்காமல் 2022இல் ஒரு தவறு செய்தேன். அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோதும் சுவரைப் பார்க்காமலே சொன்னேன்.

மேடம் குனிந்து கல்லின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒன்பதுன்னு சொன்னே."

"சொன்னேன் மேடம்."

"எட்டு."

"எட்டு மேடம்."

கௌதம் தலையைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். அந்தப் பெண்மணி கேட்ட கேள்விக்கு இங்கே பதில் இருந்தது. ஒரு மாதம் முன்பு நாங்கள் நின்ற வரப்பிலிருந்து முப்பது அடி தூரத்தில். நான் மூன்று வரி இருக்கும் என்று சொல்லாமல், தெரியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் மேடமும் அங்கே தெரியாது என்று மட்டும் சொல்லியிருப்பார். அதனால் வேலை கிடைத்திருக்குமா? அதுவும் தெரியாது. இதை இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்தேன்.

பச்சையப்பனுக்கு எட்டும் ஒன்பதும் வேண்டாம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அணை வருமா மேடம்?"

"மூணு கிணத்துக்கு அணை கட்ட மாட்டாங்க. ஆனா இந்த வளைவுல ஆத்துக்கு அடியில என்ன இருக்குன்னு தோண்டிப் பாக்கணும்னு இப்ப நான் எழுதலாம். போன மாசம் எழுதியிருக்க முடியாது."

"யாரு வந்து தோண்டுவாங்க? நீங்களா?"

"ஜூன் வரைக்கும் நான். அப்பறம் தெரியல."

பச்சையப்பன் ஜான் பாஷாவிடம், சிமென்ட்டைக் கொஞ்சம் கெட்டியாகவே குழைக்கச் சொன்னார்.

மேடம் என் நோட்டை வாங்கினார். ஒன்பதாவது கட்டத்தில் "அளக்கவில்லை" என்பதை அடித்து, மேலே "ஏறவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே நானும் போட வேண்டும் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. போடுவதற்கு முன்பு இன்னொரு முறை குனிந்து சுவரைப் பார்த்தேன். கல்தான். உச்சி வரை கல்தான்.